வீடு ஏன் பின்னால் சாய்கிறது? அகலக் கோண லென்ஸைப் புரிந்துகொள்ள ஒரு செட்டிநாட்டு வீடு

புது லென்ஸ் கைக்கு வந்த முதல் வாரமே கானாடுகாத்தானுக்குப் போய்விட்டேன். கேனான் 10–18 மி.மீ. லென்ஸ். 240 கிராம்தான் எடை, ஒரு சின்ன டம்ளர் அளவு. பல வருடமாக என்னிடம் இருந்தவை கேமராவோடு வந்த 18–55 லென்ஸும் ஒரு 50 மி.மீ. லென்ஸும்தான். செட்டிநாட்டுத் தெருக்களில் அவற்றை வைத்துக்கொண்டு நின்றவர்களுக்குத் தெரியும்: வீடு முழுவதையும் ஃபிரேமுக்குள் கொண்டுவரப் பின்னால் போய்க்கொண்டே இருப்போம், எதிர்வீட்டுச் சுவர் முதுகில் இடிக்கும், அப்போதும் வீட்டின் இரண்டு ஓரமும் வெளியேதான் இருக்கும். புது லென்ஸைப் போட்டதும் இருபது மீட்டர் அகல முகப்பு ஒரே கட்டத்துக்குள் வந்து உட்கார்ந்தது. மேலே நெற்றியில் இருக்கும் சுதை லட்சுமி மட்டும் கொஞ்சம் வெட்டுப்பட்டார். கேமராவைக் கொஞ்சம் அண்ணாந்து பிடித்தேன், அவரும் உள்ளே வந்துவிட்டார். மனசு நிறைந்துபோய், வீட்டுக்கார ஆச்சியிடம் கேமராத் திரையைக் காட்டினேன்.

ஆச்சி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா வீடு பின்னாடி சாயுதே?"

"லென்ஸ் அப்படித்தான் ஆச்சி காட்டும்" என்றேன்.

"தூக்குக்குண்டு புடிச்சுக் கட்டுன வீடு தம்பி இது. நீங்க புடிச்சதுல ஏதோ கோளாறு இருக்கும், பாருங்க."

அவர் சொன்னதுதான் சரி. கோளாறு லென்ஸில் இல்லை, நான் பிடித்த விதத்தில்தான் இருந்தது. அன்றும் மறுநாளும் அந்த வீட்டிலேயே சுற்றிச் சுற்றிப் படமெடுத்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். அகலக் கோண லென்ஸ் முதல்முறை வாங்கியவர்களுக்கும், போனில் 0.5 என்ற பொத்தானை அழுத்திக் கட்டடங்களைப் படமெடுப்பவர்களுக்கும் இது உதவும். கணக்கு கொஞ்சம் வரும். ஆனால் எல்லாம் ஐந்தாம் வகுப்புப் பெருக்கல், வகுத்தல்தான்.

ஜன்னலும் நீங்களும்

லென்ஸின் மேல் எழுதியிருக்கும் 10, 18, 50 என்ற எண்கள் குவியத் தூரத்தைக் குறிப்பவை. லென்ஸுக்கும், கேமராவின் உள்ளே ஒளியைப் படமாக வாங்கும் சென்சாருக்கும் நடுவில் இருக்கும் தூரம் என்று இப்போதைக்கு வைத்துக்கொள்ளலாம். இந்த எண் சின்னதானால் ஏன் காட்சி அகலமாகிறது? ஒரு ஜன்னலை நினைத்துக்கொள்ளுங்கள். அறையின் பின்சுவரில் சாய்ந்து நின்று ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தால் எதிர்வீட்டின் ஒரு கதவு மட்டும்தான் தெரியும். ஜன்னலை ஒட்டி நின்று பார்த்தால் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தெரியும். ஜன்னலின் அளவு மாறவில்லை, அதற்கும் உங்கள் கண்ணுக்கும் உள்ள தூரம்தான் மாறியது. அந்த ஜன்னல்தான் சென்சார். அந்தத் தூரம்தான் குவியத் தூரம்.

என் கேமராவின் சென்சார் 22.3 மி.மீ. அகலம், 14.9 மி.மீ. உயரம். இதில் 10 மி.மீ. லென்ஸைப் போட்டு 10 மீட்டர் தள்ளி நின்றால் எதிரே எவ்வளவு அகலம் படத்தில் விழும் தெரியுமா? சரியாக 22.3 மீட்டர். உயரம் 14.9 மீட்டர். சென்சாரின் மில்லிமீட்டரை அப்படியே மீட்டராக மாற்றிக்கொண்டால் போதும். லென்ஸுக்கு உள்ளே ஒரு சின்ன முக்கோணம், வெளியே அதே வடிவில் ஒரு பெரிய முக்கோணம், அவ்வளவுதான் விஷயம். அதே இடத்தில் நின்று 18-க்கு மாற்றினால் 22.3-ஐ 1.8-ஆல் வகுக்க வேண்டும்: 12.4 மீட்டர் அகலம், 8.3 மீட்டர் உயரம். 50 மி.மீ. லென்ஸில் நாலரை மீட்டர் அகலம்தான். வாசல் நிலையும் அதன் இரண்டு பக்கத் தூணும் வந்தாலே பெரிது.

எனக்கு இந்தக் கணக்கு பெரிய விடுதலையாக இருந்தது. ஒரு கட்டடத்தின் முன்னால் போய் நின்றதும் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டியதில்லை. தெருவின் அகலத்தை அடிவைத்து அளந்தால் எந்த எண் வேண்டும் என்பது அங்கேயே தெரிந்துவிடும். உங்கள் கேமராவின் சென்சார் அளவு அதனுடன் வந்த புத்தகத்தில் இருக்கும். பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் கேமரா என்றால் 36 க்கு 24 மி.மீ., அதாவது ஜன்னல் பெரிது. அதனால்தான் என்னுடைய 10 மி.மீ. அவர்களுடைய 16 மி.மீ.-க்குச் சமம் என்று சொல்கிறார்கள். போன்களில் இப்போது சாதாரணக் கேமரா அந்தக் கணக்கில் 24, 26 பக்கம் இருக்கும், 0.5 பொத்தான் 13 பக்கம். அதாவது என் லென்ஸைவிடப் பல போன்கள் அகலம். ஆகையால் கேமரா இல்லையே என்று யாரும் கவலைப்பட வேண்டாம், இதில் சொல்வதையெல்லாம் போனிலேயே செய்து பார்க்கலாம்.

தூக்குக்குண்டும் ரசமட்டமும்

ஆச்சியின் கேள்விக்கு வருவோம். வீடு ஏன் சாய்ந்தது?

தண்டவாளத்தின் நடுவில் நின்று பார்த்தால் இரண்டு கம்பியும் தூரத்தில் ஒன்று சேர்வதுபோலத் தெரியும். அவை சேரவில்லை என்பது நமக்குத் தெரியும். தள்ளிப் போகப் போக எல்லாம் சின்னதாகத் தெரியும், கம்பிகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியும் அப்படித்தான் சின்னதாகிறது. வீட்டின் இடது ஓரச் சுவரும் வலது ஓரச் சுவரும் நிற்கவைத்த தண்டவாளம் மாதிரி. கேமராவை நேராகப் பிடித்தால் அதன் முதுகும் வீட்டு முகப்பும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கும். கேமரா பார்க்கும் திசையில் அளந்தால் சுவரின் அடியும் நுனியும் ஒரே தூரம். அதனால் இரண்டு கோடும் நேராக விழும். கேமராவை அண்ணாந்து பிடித்த உடனே சுவரின் நுனி அடியைவிடத் தள்ளிப் போய்விடுகிறது. தள்ளிப் போனது சின்னதாகத் தெரியும். மேலே குறுகி, கீழே அகன்று, வீடு பின்பக்கமாகச் சாய்கிறது.

நாம் வெறும் கண்ணால் அண்ணாந்து பார்க்கும்போதும் இதேதான் நடக்கிறது. ஆனால் கழுத்தை நிமிர்த்தியிருக்கிறோம் என்பது மூளைக்குத் தெரியும், அது சரிசெய்துகொள்கிறது. கையில் இருக்கும் படத்தை யாரும் கழுத்தை நிமிர்த்திப் பார்ப்பதில்லை. அதனால்தான் ஆச்சிக்கு உடனே கண்ணில் பட்டது.

எல்லா லென்ஸிலும் இது உண்டு. அகலக் கோண லென்ஸில் அதிகமாகத் தெரிவதற்குக் காரணம், அதை வைத்துக்கொண்டு நாம் கட்டடத்துக்கு ரொம்பப் பக்கத்தில் நிற்கிறோம். பக்கத்தில் நின்றால் அண்ணாந்துதான் பார்க்க வேண்டியிருக்கும். லென்ஸின் மேல் பழிபோடுவதில் அர்த்தமில்லை.

சரி, நேராகப் பிடிப்பது எப்படி? கொத்தனாருக்குத் தூக்குக்குண்டும் ரசமட்டமும் எப்படியோ, நமக்குக் கேமராவில் இருக்கும் எலக்ட்ரானிக் லெவலும் கட்டக் கோடுகளும் அப்படி. மெனுவில் இரண்டையும் போட்டு வைத்துவிடுங்கள். இடம் வலம் சாயாமல் இருப்பது ஒன்று, முன் பின் சாயாமல் இருப்பது இன்னொன்று. பல பேர் முதலாவதை மட்டும் பார்ப்பார்கள். கட்டடத்துக்கு இரண்டாவதுதான் உயிர். லெவல் இல்லாத கேமரா என்றால் கட்டக் கோட்டில் ஒன்றை ஒரு தூணோடு ஒட்டிப் பாருங்கள். படத்தின் இரண்டு ஓரத்திலும் தூண்கள் கோட்டுக்கு இணையாக நின்றால் கேமரா நேராக இருக்கிறது.

இப்படி நேராகப் பிடித்தால் ஒரு சங்கடம் வரும். அந்த வீட்டு முகப்பு உச்சிவரை ஏறக்குறைய 11 மீட்டர். நான் நின்ற தூரம் 10 மீட்டர், கேமரா என் கண் உயரத்தில், அதாவது தரையிலிருந்து ஒன்றரை மீட்டரில். 10 மி.மீ.-இல் படத்தின் உயரம் 14.9 மீட்டர் என்று பார்த்தோம். ஆனால் நேராகப் பிடிக்கும்போது அதில் பாதி கண் மட்டத்துக்கு மேலேயும், பாதி கீழேயும் போகும். மேலே போவது ஏழரை மீட்டர்தான். ஒன்றரையைக் கூட்டினால் 9. இன்னும் 2 மீட்டர் வேண்டும், அங்கேதான் லட்சுமி இருக்கிறார். கீழ்ப்பாதியில் வீட்டுக்கு ஒன்றரை மீட்டர் போக மிச்சமெல்லாம் தார் ரோடு. படத்தில் பத்தில் நாலு பங்கு ரோடு!

இதற்கு வழிகள் உண்டு. முதல் வழி இன்னும் பின்னால் போவது, அது தெருவில் நடக்காது. இரண்டாவது, படம் நெட்டுவாக்கில் விழும்படி கேமராவைத் திருப்பிச் செங்குத்தாகப் பிடிப்பது. உயரம் தாராளமாகக் கிடைக்கும், ஆனால் அகலம் 15 மீட்டராகக் குறைந்து வீட்டின் இரண்டு ஓரமும் போய்விடும். நான் செய்தது மூன்றாவது. எதிர்வீட்டில் கேட்டுக்கொண்டு அவர்கள் மாடிக்குப் போனேன். கேமரா இப்போது தரையிலிருந்து நாலரை மீட்டர் உயரம். அதனுடன் ஏழரை, ஆக 12 மீட்டர். லட்சுமியும் அவருக்கு இரண்டு பக்கமும் நிற்கும் யானைகளும், அவர்களுக்கு மேலே கொஞ்சம் வானமும் வந்தன. ரோடும் பாதியாகக் குறைந்தது, அதைப் பிறகு வெட்டிவிட்டேன். கட்டடப் படத்தில் பாதி உயரத்தில் ஏறி நிற்பதைப்போல ஒரு நல்ல இடம் கிடையாது. எதிரே மாடி இருக்கிறதா என்று இப்போதெல்லாம் முதலில் பார்த்துவிடுகிறேன்.

நாலாவது வழி, சாய்த்தே எடுத்துவிட்டுப் பிறகு கம்ப்யூட்டரில் நிமிர்த்துவது. லைட்ரூம், போனில் ஸ்னாப்சீட் போன்ற படம் திருத்தும் செயலிகளில் அதற்கு வசதி இருக்கிறது. தப்பில்லை, நானும் செய்கிறேன். ஆனால் குறுகிய மேல்பாகத்தை இழுத்து அகலப்படுத்தும்போது அங்கே இருக்கும் சுதை வேலையின் நுணுக்கம் மங்கிவிடும், அந்த மேல்பாகத்தின் இரண்டு ஓரமும் வெட்டுப்படும். ஆகையால் பின்னால் நிமிர்த்தலாம் என்று நினைத்தால், எடுக்கும்போதே இரண்டு பக்கமும் தாராளமாக இடம் விட்டு எடுங்கள்.

கட்டடப் படம் எடுப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் வேறொரு லென்ஸ் வைத்திருப்பார்கள், ஷிஃப்ட் லென்ஸ். கேமராவை நேராக வைத்துவிட்டு, லென்ஸை மட்டும் ஒரு திருகு திருகி மேலே நகர்த்துவார்கள். சுவர் நேராகவே இருக்கும், ரோடு கீழே இறங்கிப் போய்விடும், உச்சி உள்ளே வரும். பழைய காலத்துப் பெரிய மரக் கேமராக்களில், முன்பலகையை மேலே ஏற்றி இதையே செய்தார்கள். லென்ஸைச் சாய்க்கவும் நகர்த்தவும் முடிகிற 35 மி.மீ. லென்ஸை கேனான் 1973-இல் கொண்டுவந்தது. விலை நமக்கெல்லாம் கட்டுப்படியாகாது. கட்டடத்துக்குப் பயன்படுகிற 17 மி.மீ. லென்ஸ் லட்சத்தைத் தாண்டும். எதிர்வீட்டு மாடிக்குக் காசு இல்லை.

எல்லாக் கட்டடத்தையும் இப்படி நிமிர்த்தித்தான் எடுக்க வேண்டும் என்று சட்டமில்லை. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடியில் நின்று அண்ணாந்து எடுத்தால் கோடுகள் எல்லாம் வானத்தில் போய்ச் சேரும், அது அந்த இடத்தில் நிற்பவர் உணர்வதைத்தான் காட்டுகிறது. நன்றாக அண்ணாந்தால் பார்ப்பவருக்கு அது வேண்டுமென்றே செய்தது என்று புரியும். அரைகுறையாகச் சாய்ந்தால்தான் தப்பாகத் தெரியும். இன்னொன்று, பெரிய கோயிலில் இடம் இருக்கிறது. விமானம் 60 மீட்டருக்கு மேல். என் லென்ஸைச் செங்குத்தாக, நேராகப் பிடித்தால் அது முழுவதும் அடங்கச் சுமார் 55 மீட்டர் தள்ளி நின்றால் போதும். 18-இல் 100 மீட்டர் வேண்டும். திருச்சுற்றின் நீளமே ஏறக்குறைய 240 மீட்டர். 1010-இல் அந்தக் கோயிலைக் கட்டி முடித்தவர்கள் பார்ப்பதற்கான தூரத்தையும் சேர்த்தே கட்டியிருக்கிறார்கள். அங்கே சாதாரண லென்ஸே போதும்.

வளவுக்குள்

இனி வீட்டுக்குள் போகலாம். செட்டிநாட்டு வீடுகளைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நகரத்தார் பர்மா, இலங்கை, மலேயா என்று வணிகம் செய்து சம்பாதித்ததைக் கொண்டு கட்டியவை இந்த வீடுகள். இன்று நாம் பார்ப்பவை பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1940-கள் வரை எழுந்தவை. பர்மாத் தேக்கு, இத்தாலியச் சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி என்று கப்பலில் வந்த பொருளும் உண்டு. பக்கத்து ஆத்தங்குடியில் கண்ணாடிப் பலகையின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி வார்த்த தரைக்கற்களும் உண்டு. திண்ணையும் தூண்களும் உள்ள முகப்பு, அதைத் தாண்டி வாசல் நிலை, அப்புறம் நடுவில் வானம் பார்த்த முற்றத்தோடு வளவு, அதற்குப் பின்னால் இரண்டாம் கட்டு, பிறகு அடுப்படி, கொல்லை. முன்வாசல் ஒரு தெருவில் இருந்தால் பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். செட்டிநாட்டின் ஊர்கள் 2014-லிருந்து யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. பெரும்பாலான வீடுகள் இன்னும் குடும்பச் சொத்து. கேட்டு, அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு பார்க்க விடும் வீடுகளும் இருக்கின்றன.

வளவில்தான் நான் இரண்டாவது பாடத்தைக் கற்றேன். முற்றத்தின் ஓரமாக ஒரு வரிசைத் தூண்கள். முதல் தூணிலிருந்து 2 மீட்டர் தள்ளி நின்று 10-இல் ஒரு படம் எடுத்தேன். வரிசையின் கடைசித் தூண் அதற்கு 8 மீட்டர் பின்னால். படத்தில் முதல் தூண் ராட்சசன் மாதிரி நின்றது, கடைசித் தூண் விரல்கடை உயரம். வளவு கல்யாண மண்டபம் அளவுக்கு நீண்டு தெரிந்தது. "அகலக் கோண லென்ஸ் இடத்தைப் பெரிதாக்கிக் காட்டும்" என்று சொல்வார்களே, அதுதான் என்று நினைத்தேன்.

அப்புறம் ஒரு சோதனை செய்தேன். அதே இடத்தில் அசையாமல் நின்று 18-க்குத் திருப்பி இன்னொரு படம். வீட்டுக்கு வந்து 10-இல் எடுத்த படத்தின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி, 18-இல் எடுத்ததன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒன்று. எந்தத் தூண் எவ்வளவு பெரிது, எதை எது மறைக்கிறது, எதுவும் மாறவில்லை. வெட்டிய படம் கொஞ்சம் தெளிவு குறைவு, அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்படியென்றால் இடத்தை நீட்டியது லென்ஸ் இல்லை. நான் நின்ற இடம்தான். முதல் தூண் 2 மீட்டர், கடைசித் தூண் 10 மீட்டர், ஒன்றுக்கு ஐந்து. ஆகையால் முதல் தூண் ஐந்து மடங்கு பெரிது. அங்கிருந்து பின்னால் நடந்து முதல் தூணுக்கு 8 மீட்டர் தள்ளிப் போய் நின்றால், கடைசித் தூண் 16 மீட்டர், ஒன்றுக்கு இரண்டு. இப்போது எந்த லென்ஸைப் போட்டாலும் முதல் தூண் இரண்டு மடங்குதான் பெரிது. 10 போட்டாலும் அதேதான், 50 போட்டாலும் அதேதான்.

புகைப்படக் கலையில் ஆரம்பத்தில் கற்க வேண்டியது ஒன்றே ஒன்று என்றால் இதைத்தான் சொல்வேன். எங்கே நிற்கிறோம் என்பது பொருள்கள் ஒன்றுக்கொன்று எப்படித் தெரியும் என்பதைத் தீர்மானிக்கிறது. கேமராவை எப்படிப் பிடிக்கிறோம் என்பது கோடுகள் நிமிருமா சாயுமா என்பதைத் தீர்மானிக்கிறது. லென்ஸ் தீர்மானிப்பது, அதில் எவ்வளவு உள்ளே வரும் என்பதை மட்டும். கடையில் லென்ஸைத் தேடுவதற்கு முன்னால் கால்களால் தேட வேண்டும். வீடு வாடகைக்கு, விற்பனைக்கு என்று வரும் படங்களில் பத்துக்குப் பத்து அறை பெரிய ஹால் போலத் தெரிவதும் இதனால்தான். அறையின் மூலையில் ஒட்டிக்கொண்டு, பக்கத்தில் இருக்கும் கட்டிலை முன்னால் விட்டு எடுக்கிறார்கள். செட்டிநாட்டு வீட்டுக்கு அந்த வித்தை தேவையே இல்லை. உள்ளபடியே பெரிய வீட்டை இன்னும் இழுத்துக் காட்டினால், அந்தத் தூண்களுக்கு நடுவில் கட்டியவர்கள் விட்ட கச்சிதமான இடைவெளி கெட்டுப்போகும். எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை.

ஓரத்தில் பருத்த குடம்

ஒரு விஷயத்தில் மட்டும் அகலக் கோணத்தின் குணம் உண்மையிலேயே வெளியே தெரியும். படத்தின் ஓரம். முற்றத்தைப் பார்த்து எடுத்த ஒரு படத்தில், வலது கோடியில் ஒரு பித்தளைக் குடம் இருந்தது. நேரில் உருண்டையான குடம், படத்தில் பூசணிக்காயைப் பக்கவாட்டில் இழுத்த மாதிரி இருந்தது. 10 மி.மீ.-இல் சரியாக ஓரத்தில் வரும் உருண்டையான பொருள் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அகலமாகும். தட்டையான சென்சாரில் ஓரத்துக்கு வரும் ஒளி சரிந்து விழுகிறது. மாலை வெயிலில் நம் நிழல் நீள்வது மாதிரி.

இது லென்ஸின் குறையில்லை, எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் இருக்கும். ஆச்சரியம் என்னவென்றால், சென்சாருக்கு இணையாக இருக்கும் தட்டையான பொருள் இப்படி இழுபடுவதில்லை. கேமராவை நேராக நிறுத்தி, பூக்கல் பதித்த ஒரு சுவரை எதிரே வைத்து எடுங்கள். நடுவில் இருக்கும் கல்லும் மூலையில் இருக்கும் கல்லும் ஒரே அளவில் இருக்கும். பருமன் உள்ள பொருள்தான் பருக்கும்: குடம், தூண், மனித முகம். ஆச்சியை முகப்பில் உட்காரவைத்து எடுத்த முதல் படத்தில், அழகுக்காக அவரை ஒரு ஓரத்தில் விட்டிருந்தேன். முகம் அகன்றுபோய்விட்டது. அதை அவரிடம் காட்டவில்லை. நடுவில் உட்காரச் சொல்லி மறுபடி எடுத்தேன். ஆட்களை நடுவிலோ நடுவுக்குப் பக்கத்திலோ விடுங்கள்.

லென்ஸின் சொந்தக் குறை வேறு: நேர்க்கோடு ஓரத்தில் பீப்பாய் மாதிரி வெளிப்பக்கம் வளைவது. இதைச் சோதிக்க ஆத்தங்குடித் தரையைப் போன்ற பொருள் கிடையாது. கோடு போட்ட தாள் மாதிரி விரிந்து கிடக்கிறது. தரைக்கற்களின் இணைப்புக் கோடு ஒன்றைப் படத்தின் அடி ஓரத்துக்கு இணையாக வைத்து எடுத்தேன், கோடு லேசாக வில் மாதிரி வளைந்தது. லைட்ரூமில் அந்த லென்ஸின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் ஒரு நொடியில் நேராகிவிடும். போன்கள் அதைத் தானே செய்துவிடுகின்றன. அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை.

தெளிவும் அப்படித்தான். அப்பர்ச்சரை, அதாவது லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளையை, எஃப் 8-இல் வைத்தால் மூலைகள் நன்றாகத் தேறிவிடும். அதோடு இந்த லென்ஸ்களுக்கு ஒரு வசதி: 10 மி.மீ.-இல், எஃப் 8-இல், முக்கால் மீட்டரில் ஃபோகஸ் வைத்தால் ஏறக்குறைய 40 செ.மீ.-இலிருந்து கடைசிச் சுவர் வரை எல்லாம் தெளிவு. ஃபோகஸை அங்கே வைத்துவிட்டு மறந்துவிடலாம். வெளிச்சம்தான் வளவில் கஷ்டம். முற்றத்தில் வெயில் கொட்டும், நாலு பக்கத் தாழ்வாரத்திலும் இருட்டு. வானத்தைச் சேர்க்காமல் எடுப்பது நல்லது. இல்லையென்றால் கேமராவை அசையாமல் வைத்து வெளிச்சம் கூட்டி ஒன்று, குறைத்து ஒன்று, நடுவில் ஒன்று என்று மூன்று எடுத்துச் சேர்க்கலாம். காலை ஒன்பது மணிக்கு முன்னால் போனால் இந்தப் பாடே இல்லை. வெயில் முற்றத்தில் இறங்கியிருக்காது, வெள்ளைப் பூச்சுச் சுவர்கள் வெளிச்சத்தை மெதுவாகப் பரப்பிக்கொண்டிருக்கும். முட்டை வெண்கருவும் சுண்ணாம்பும் சேர்த்துத் தேய்த்த அந்தப் பூச்சு பளிங்கு மாதிரி வழுவழுப்பு. அதில் எதிரே இருக்கும் தூணின் நிழலுருவம் லேசாகத் தெரியும். ஃபிளாஷ் போட்டால் அது அத்தனையும் போய்விடும். தயவுசெய்து போடாதீர்கள்.

எல்லாவற்றையும் ஒரே படத்தில் அடைக்கத்தான் வேண்டுமா என்றும் யோசிக்கலாம். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப், 1858-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளைப் படமெடுத்தார். கல்வெட்டு விமானத்தைச் சுற்றி ஓடுகிறது. அவர் செய்தது, கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து எடுத்துக்கொண்டே போனது. 21 படங்களை ஒட்டவைத்துச் சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். எழுத்தைப் படிக்க வேண்டும் என்றால் எழுத்துக்குப் பக்கத்தில்தான் நிற்க வேண்டும், அவருக்கு அது தெரிந்திருந்தது.

கதவுக்குப் பின்னால் கதவு

புது லென்ஸில் எடுத்தே ஆக வேண்டும் என்று நான் ஆசைப்பட்ட படம் ஒன்று உண்டு. வாசல் நிலையில் நின்று உள்ளே பார்த்தால், கதவுகளெல்லாம் திறந்திருக்கும் நேரத்தில், வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டிப் பின்வாசல் வரை ஒரே நேர்க்கோட்டில் தெரியும். இருட்டு, வெளிச்சம், இருட்டு, வெளிச்சம் என்று மாறி மாறி, கடைசியில் பின்தெரு வெளிச்சம் ஒரு பொட்டு மாதிரி. என் கணக்கில் அந்த வீட்டுக்கு வீடே இந்தக் கோடுதான்.

நிலைக்கு வெளியே நின்று 10-இல் எடுத்தேன். நிலையின் மரவேலை அற்புதமாக வந்தது. இரண்டு பக்கத் திண்ணை, தூண், தரை எல்லாம் வந்தன. பின்வாசலைக் காணோம். அடிவைத்து எண்ணியதில் அது ஏறக்குறைய 50 மீட்டர் தள்ளி இருந்தது, கதவின் உயரம் 2 மீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள்: படத்தின் உயரத்தில் முப்பத்தேழில் ஒரு பங்குதான் அது. இருந்தது, ஆனால் யாரும் பார்க்கப் போவதில்லை.

பையிலிருந்து பழைய 50 மி.மீ. லென்ஸை எடுத்தேன். அதே இடத்தில் நின்றால் கதவு ஐந்து மடங்கு பெரிதாகும் என்பது தெரியும். ஆனால் நிலையின் மரவேலை வெளியே போய்விடும். நிலையும் வேண்டும், கதவும் வேண்டும். அப்படியென்றால் பின்னால்தான் போக வேண்டும். முகப்பை விட்டு இறங்கித் தெருவைக் கடந்து எதிர்வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தேன், கேமராவை மடியில் வைத்து லெவல் பார்த்தேன். அங்கிருந்து நிலை படத்தில் கச்சிதமாகப் பொருந்தியது. அதற்குள் வளவின் நிலை, அதற்குள் இரண்டாம் கட்டின் கதவு, அதற்குள் பின்வாசல். பெட்டிக்குள் பெட்டி வைத்த மாதிரி. நடுவில் ஆச்சி ஒரு கதவைச் சாத்த வந்தார். என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"சாத்தவா தம்பி?"

"ஒரு நிமிஷம் ஆச்சி, அங்கேயே நில்லுங்க" என்றேன்.

அந்தப் படத்தைத்தான் பெரிதாக அச்சுப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆச்சி அதை வெளிச்சத்தில் நீட்டிப் பிடித்து, நிலையின் இடது ஓரத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்துப் பார்த்தார். பிறகு வலது ஓரத்திலும்.